ஒரு பந்தும் பிடிக்க மாட்டேன்

அத்தியாயம் 11

சென்ற வாரம் ரூஃபஸ் கில்யார்ட் தன் டயர் கடையில் வாயைத் திறந்ததைப் பார்த்தோம். திறக்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வடக்கே ஒரு பெரிய அமெரிக்க ஃபுட்பால் அணிக்காக ஆள் பார்க்கும் பிராண்ட்வோல்ட் இத்தனை தூரம் காரோட்டி வந்து, கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் போட்டுக் கொடுத்த காபியையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "உங்க பையன் எறியறதெல்லாம் சரி, பிடிப்பானா?" என்று கேட்டால் எந்தத் தகப்பனுக்குத்தான் மனம் இளகாது? பிடிப்பான், நான் சொன்னால் செய்வான் என்று சொல்லிவிட்டார். வந்தவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். ரூஃபஸ் இதை வீட்டில் மூச்சுவிடவில்லை.

அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இன்று காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். சோளக் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"உன் மூஞ்சி ஏன் காத்து இறங்கின டயர் மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி வெர்னெட்டா. கோர்ட் ஆபீசில் வேலை பார்ப்பவள். பொய் சொல்லப்போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்றுமில்லை என்றார். பிறகு மகனைப் பார்த்து, "இன்னிக்கு அவங்க என்ன கேட்டாலும் செஞ்சிரு ஜமாரி" என்றார்.

"என்ன கேட்டாலும்னா?" என்று கேட்டது மகன் இல்லை, வெர்னெட்டா.

ரூஃபஸ் வண்டியைக் கிளப்பி வைக்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

இன்று பெல்மோர் ஸ்டேட் கல்லூரியில் புரோ டே. தொழில்முறை அணிகளின் ஆட்கள் நேரிலேயே வந்து, கடைசி வருடப் பையன்களை அளந்து, ஓடவிட்டு, எறியவிட்டுப் பார்க்கும் நாள். பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பார்க்கப்படுவதற்கு இன்னும் பத்து மேடை உண்டு. மிசிசிப்பி டெல்டாவின் கறுப்புச் சேற்றில் கிடக்கும் எங்கள் கல்லூரிக்கு இது ஒன்றுதான். ஏப்ரல் கடைசியில் அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும்போது ஜமாரி கில்யார்ட் என்ற பெயரை யாராவது சொல்வார்களா, சொன்னால் எந்த இடத்துக்குச் சொல்வார்கள் என்பது இன்றைய வெயிலில்தான் முடிவாக வேண்டும்.

ஜமாரி குவார்ட்டர்பேக். ஆட்டம் தொடங்கியதும் பந்து அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் தானே ஓடிவிடுவதா என்பதெல்லாம் அவன் முடிவு. மற்றவர்கள் அவன் சொன்னதைச் செய்வார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் வேறெந்த இடத்திலும் ஆடியதில்லை.

அளவெடுப்பு உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. அரைக்கால் சட்டையோடு பையன்கள் வரிசையில் நின்றார்கள். சுவரில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தரையில் பதித்து நிற்க வேண்டும். தலைமேல் பலகையை வைத்து அழுத்துவார்கள். அங்குலத்தை எட்டாக வெட்டி, அதில் ஒரு பங்கு குறைந்தாலும் சத்தமாகப் படிப்பார்கள். கையை விரிக்கச் சொல்லி, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளப்பார்கள். பெண் பார்க்கும் படலத்தில்கூட இவ்வளவு துல்லியம் கிடையாது, அங்கே சொஜ்ஜியாவது கிடைக்கும்.

ஜமாரியின் உயரத்தைப் படித்தபோது பேனாக்கள் வேகமாக ஓடின. ஆறடிக்கு ஓரங்குலத்துக்கும் மேலே குறைவு, குவார்ட்டர்பேக்குக்கு அது குட்டை. அவன் கை அங்கிருந்த எல்லோர் கையையும்விடப் பெரியது. அதைப் படித்தபோது பேனாக்களுக்கு அவ்வளவு அவசரம் இருக்கவில்லை.

பிறகு ஒரு வகுப்பறை. பிராண்ட்வோல்ட் அவனை வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி ஓர் ஆட்டத்தில் யார் எங்கே நிற்பார், எங்கே ஓடுவார் என்று வரையச் சொன்னார். இரண்டு பக்கத்து ஆட்களையும் வரைந்தான். உடனே அவர் அதை அழித்துவிட்டு, ஊர், வீடு, அம்மாவின் வேலை என்று என்னென்னவோ பேசினார். பேச்சை நடுவில் வெட்டி, இப்போது மறுபடி வரை என்றார். பையனைத் தடுமாற வைக்க இவர்கள் செய்யும் வேலை இது. ஜமாரி மறுபடி வரைந்தான். எதிராளிகள் இடம் மாறி நின்றால் என்ன செய்வான் என்பதையும், அவர் கேட்காமலே, பக்கத்தில் வரைந்தான்.

"நல்ல ஞாபக சக்தி" என்றார் பிராண்ட்வோல்ட்.

ஞாபக சக்தியாம். புத்தி என்று சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? எங்கள் கறுப்பினப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் காலைப் பார்ப்பார்கள், தோளைப் பார்ப்பார்கள். கழுத்துக்கு மேலே பார்க்கும்போது மட்டும் கண் கூசும். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

மைதானத்துக்கு வந்ததும் ஓட்டம். கல்லூரி கோச் டில்லரி அவனைத் தனியே கூப்பிட்டார். ஓடாதே என்றார். குவார்ட்டர்பேக் ஓட மாட்டேன் என்று சொல்லலாம், அது வழக்கத்தில் உள்ளதுதான். "உன் வேகத்தைப் பார்த்தாங்கன்னா அப்புறம் உன் கையை யாரும் பார்க்க மாட்டாங்கடா. ஓடிப் பிடிக்கிற ரிசீவரா போன்னு ஒத்தைக் கால்ல நிப்பாங்க."

ஜமாரி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"என் காலை நான் எதுக்கு ஒளிச்சு வைக்கணும் கோச்? காலும் என்னுது, கையும் என்னுது. ரெண்டையும் பார்க்கட்டும்."

ஓடினான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கையிலிருந்த நிறுத்து கடிகாரங்களை அழுத்தினார்கள். வழக்கமாக ஒருவர் கடிகாரத்தை இன்னொருவருக்குக் காட்ட மாட்டார்கள், உள்ளங்கையில் பொத்திக்கொள்வார்கள். இன்று பொத்தவில்லை. தன்னுடையது பழுதோ என்று பக்கத்துக் கையை எட்டிப் பார்த்தார்கள். பிராண்ட்வோல்ட் மட்டும் யாருடையதையும் பார்க்கவில்லை. தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அலுமினிய இருக்கையில் உட்கார்ந்திருந்த ரூஃபஸ் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அவருக்கு அது பழக்கமான சிரிப்பு.

முப்பது வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் ரூஃபஸும் குவார்ட்டர்பேக்காக நின்றவர். அன்றைக்கும் ஒருவர் வந்தார், இதே மாதிரி சிரித்தார், இந்தக் காலை வைத்துக்கொண்டு ஏன் எறிகிறாய், நாலு பந்து பிடித்துக் காட்டு என்றார். ரூஃபஸ் பிடித்துக் காட்டினார். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் ரிசீவர். ஒரு கோடையில் ஓர் அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள், கோடை முடிவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் பந்தை எறிந்ததே இல்லை. பின்கட்டில் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தபோதுகூட மகன்தான் எறிவான், அவர் ஓடிப் பிடிப்பார்.

அப்படிப்பட்டவர் மகனுக்கும் அதையே ஏன் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதே கேள்வியை வெர்னெட்டாவும் கேட்கத்தான் போகிறாள், பொறுங்கள்.

எறியும் முறை வந்தது. காற்று குறுக்கே அடித்தது. கூட ஆடும் பையன்கள் ஓட, ஜமாரி எறிந்தான். இடப்பக்கம் ஓடிக்கொண்டே வலப்பக்கத்துக்கு எறிந்தான். ஓரக் கோட்டை ஒட்டி, ஓடுகிறவனின் தோளுக்கு மேலே நீளமாக எறிந்தான். ஒருவன் கைக்கு வந்ததை நழுவவிட்டபோது என் தப்பு என்று கையைத் தூக்கினான். அது அவன் தப்பு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அணிகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பக்கவாட்டில் கும்பலாக நின்று பந்து போகும் வழியைப் பார்த்தார்கள். டென்னிங் என்ற ஒரு பெண்மணி மட்டும் ஜமாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சிறிய அணி ஒன்றிலிருந்து வந்தவள். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தை விட்டுவிட்டு அவன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. ஜமாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பையன்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்குப் போனார்கள். அப்போதுதான் பிராண்ட்வோல்ட் பந்தைச் சுழற்றிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"பிரமாதம் தம்பி. இப்போ அப்படியே நாலு பந்து பிடிச்சுக் காட்டு."

"நான் குவார்ட்டர்பேக் சார்."

"தெரியும். சும்மா நாலே நாலு."

சும்மா ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பந்தைப் பிடித்தாலும் போதும், பையனே ஒத்துக்கொண்டான் என்று பொழுது சாய்வதற்குள் எல்லா அணிக்கும் சேதி போய்விடும். அதன் பிறகு அவன் எத்தனை அருமையாக எறிந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஜமாரிக்கு இது தெரியும். மாட்டேன் என்றான், மரியாதையாகத்தான்.

பிராண்ட்வோல்ட் குரலைத் தாழ்த்தவில்லை. பிடித்துக் காட்டினால் மூன்றாவது சுற்றிலேயே பெயர் வரும், தன் அணியே எடுக்கும் என்றார். இல்லாவிட்டால் இந்த உயரத்துக்குப் பெயரே வராமல் போனாலும் ஆச்சரியமில்லை என்றார். பிறகு இருக்கைப் பக்கம் திரும்பினார்.

"என்ன மிஸ்டர் கில்யார்ட், பிடிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜமாரி துண்டைக் கீழே இறக்கி அப்பாவைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூட ரூஃபஸ் தாங்கியிருப்பார். அவன் துண்டை நாலாக மடித்துப் புல்லில் வைத்தான்.

வெர்னெட்டா படிகளில் இறங்கி வந்தாள். புருஷன் பின்னாலேயே இறங்கி வந்தார். ஏன் ஒப்புக்கொண்டாய் என்று அவள் கேட்க, கம்பி வேலியோரம் நின்று அவர் விளக்கம் சொல்ல முயன்றார். எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னார். உயரம் உயரம் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு பயந்துவிட்டதாகச் சொன்னார். தன் பையன் வீட்டில் உட்கார்ந்து ஆள் எடுக்கும் ராத்திரி முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார்.

"நுழையட்டும்னு சொல்ற. நீயும் அப்படித்தானே ரூஃபஸ் நுழைஞ்ச" என்றாள் வெர்னெட்டா. "ஒரு கோடைகூட உன்னை உள்ள வெச்சிருக்கலையே."

ரூஃபஸ் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட அன்னிக்கு வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. இவனுக்கு நான் இருக்கேன். நீயும் இருப்பேன்னு நெனச்சேன்."

பிராண்ட்வோல்ட் விடுவதாக இல்லை, ஆனால் அவருக்கு ஒரு சிக்கல். ஜமாரிக்கு எறிய ஆள் வேண்டும். கல்லூரியின் இன்னொரு குவார்ட்டர்பேக் தோள்பட்டை வலியென்று வரவே இல்லை. அவர் கண் மறுபடி ரூஃபஸ் மேல் விழுந்தது. நீங்களும் ஒரு காலத்தில் எறிந்தவராமே, நீங்களே போடுங்கள், அப்பா எறிந்தால் பையன் பிடிக்காமல் இருப்பானா என்றார். பந்தை நீட்டினார்.

ரூஃபஸ் அதை வாங்கிவிட்டார். ஏன் வாங்கினார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. பந்து கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே தையல் மேல் போய் உட்கார்ந்துகொண்டன.

ஜமாரி பதினைந்து கெஜம் தள்ளிப் போய் நின்றான். கையிரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டான்.

"போடுங்கப்பா" என்றான். "நான் நிக்கறேன். ஆனா ஒரு பந்தும் பிடிக்க மாட்டேன்."

ரூஃபஸ் எறிந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு எறிந்த பந்து, காற்றில் ஒரு துளி ஆடாமல் நேராகப் போனது. மகனின் நெஞ்சில் மொத்தென்று பட்டுக் கீழே விழுந்தது. ஜமாரி நகரவில்லை. கை அசையவில்லை.

யாரோ பந்தை எடுத்துக் கொடுத்தார்கள். ரூஃபஸ் மறுபடி எறிந்தார். மறுபடி நெஞ்சில். இந்த முறை அவன் ஒரு தரம் இருமினான்.

"இது அழகா இல்ல தம்பி" என்றார் பிராண்ட்வோல்ட்.

மூன்றாவது பந்து ரூஃபஸின் கையிலேயே இருந்தது. தோளுக்கு மேலே தூக்கினார், இறக்கினார். பிறகு மகனை நோக்கி நடந்தார். கிட்டப் போனதும் அவன் மார்பைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

வலித்திருக்கும். அவருக்குத் தெரியாதா?

"அன்னிக்கு நானும் இப்படிக் கையைத் தொங்கவிட்டிருக்கணும்" என்றார் ரூஃபஸ். "எனக்குத் தோணவே இல்லடா."

பந்தை மகன் கையில் வைத்தார். மேல்கோட்டைக் கழற்றினார். தொப்பியையும் கழற்றினார். இரண்டையும் கொண்டுபோய், கொக்கியில் மாட்டுகிற மாதிரி, பிராண்ட்வோல்டின் கையில் மாட்டிவிட்டார். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

ரூஃபஸ் மைதானத்தின் தொடக்கக் கோட்டில் போய்க் குனிந்து நின்றார். காலில் கடைக்குப் போட்டுப்போகும் கனத்த பூட்ஸ்.

"பின்கட்டுல செய்யற மாதிரிதான். நேரா ஓடி உள்ளே திரும்புவேன்."

"உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"முட்டி என்னுது. நீ எறி."

ஓடினார். ஓட்டம் என்று அதைச் சொல்வது பெருந்தன்மை. தொப்பை குலுங்கியது, சேறு தெறித்தது, இருக்கையில் யாரோ சிரித்தார்கள். ஜமாரி சிரிக்கவில்லை. மூன்று அடி பின்வாங்கினான், காலை ஊன்றினான். அப்பா இன்னும் திரும்பவில்லை. திரும்புவதற்கு முன்பே, அங்கே யாருமே இல்லாத ஓர் இடத்துக்குப் பந்தை விட்டான்.

ரூஃபஸ் உள்ளே திரும்பினார். பந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்டி மடங்கி, முகம் சேற்றில் படிய விழுந்தார். பந்தை விடவில்லை.

சிரித்தவர்களே முதலில் கை தட்டினார்கள். வெர்னெட்டா தட்டவில்லை. ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

பிராண்ட்வோல்ட் கோட்டையும் தொப்பியையும் அவளிடம் நீட்டினார். உங்கள் வீட்டுக்காரர் இன்று பையனின் இடத்தைக் கெடுத்துவிட்டார், எனக்கே வருத்தமாக இருக்கிறது என்றார்.

"கெடுத்தது போன வாரம் சார்" என்றாள் வெர்னெட்டா. "இன்னிக்கு சரி பண்ணினார்."

அவர் போய்விட்டார். அவரோடு நின்றவர்களும் ஒவ்வொருவராகக் காரைக் கிளப்பினார்கள். மூன்றாவது சுற்று என்று சொன்ன ஒரே வாயும் அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டது. அதைத் தெரிந்துகொண்டுதான் மூன்று பேரும் மைதானத்தில் நின்றார்கள். ரூஃபஸ் நிற்கவில்லை, முட்டியைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார். ஜமாரி அந்த முட்டிக்குப் பனிக்கட்டிப் பையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

டென்னிங் அப்போதுதான் வந்தாள். அவள் மட்டும் போகவில்லை.

"அவர் திரும்பறதுக்கு முன்னாடியே விட்டுட்டியே" என்றாள் ஜமாரியிடம்.

"அவர் எங்க திரும்புவார்னு எனக்குத் தெரியும் மேடம்."

அவள் தலையாட்டினாள். பிறகு ரூஃபஸுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். கடையில் அவர் சொன்னது இந்த ஒரு வாரத்தில் பல காதுக்குப் போய்விட்டது. தன் மேலிடத்துக்கும் போயிருக்கிறது. தகப்பனே ரிசீவர் என்று சொன்ன பையனை நாம் ஏன் குவார்ட்டர்பேக்காகப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். தான் ஒருத்தி சொல்லி அது மாறாது.

"உங்களைத்தான் கூப்பிடுவாங்க மிஸ்டர் கில்யார்ட். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். என்னைவிட உங்களைத்தான் நம்புவாங்க."

"எப்போ கூப்பிடுவாங்க?" என்றாள் வெர்னெட்டா.

டென்னிங் பதில் சொல்வதற்குள் வெர்னெட்டா கையில் மடித்து வைத்திருந்த ரூஃபஸின் கோட்டுக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண், வேறு மாநிலத்து எண். டென்னிங்கிடம் காட்டினாள். எங்கள் அணி எண் இல்லை, வேறேதோ அணி போலிருக்கிறது என்று அவள் புருவத்தை உயர்த்தினாள்.

வெர்னெட்டா தானே எடுத்துப் பேசிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவளால் நன்றாகவே பேசியிருக்க முடியும். ஆனால் எடுக்கவில்லை. குனிந்து, சேறு ஒட்டிய அந்தக் கையில் போனை வைத்தாள்.

ரூஃபஸ் மகனைப் பார்த்தார். மகன் முட்டியிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்தான்.

"ரூஃபஸ் கில்யார்ட்தான் பேசறேன்" என்றார். மறுமுனையில் இருந்தவர் யார் என்ன என்று சொல்லிக்கொண்டே போக, அவர் இடைமறித்தார்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. நான் குவார்ட்டர்பேக்கோட அப்பா. மத்ததை இப்போ சொல்லுங்க."